தமிழை நிறுத்த வேண்டாம், ஷூ போடப் பழக்குங்கள்

கேள்வி: கேரள எல்லையில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். மனைவி நர்ஸ். போன வருஷம் ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிற ஜனவரியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் போகிறேன். மகளுக்கு ஏப்ரலில் ஆறு வயது முடியும், மகனுக்கு இரண்டரை. இருவரையும் இப்போது பார்த்துக்கொள்வது என் அம்மா. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், நர்சரியில் கொஞ்சம் இங்கிலீஷ். அங்கே போனால் ஜெர்மன். நாலு மொழியில் பிள்ளைகள் குழம்பிவிடும், இப்போதே தமிழை நிறுத்திவிட்டு வீட்டில் இங்கிலீஷ் பேசு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பகலெல்லாம் பிள்ளைகளோடு இருக்கப்போவது நான்தான். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: உங்கள் மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். அப்பத்தாவிடம் "தண்ணி வேணும்" என்பாள். நர்சரி ஆயாவிடம் "வெள்ளம் வேணம்" என்பாள். வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர்ப் பஸ்ஸில் ஏறினால் மறுபடியும் தமிழ். யாரிடம் எதைப் பேசுவது என்று அவளுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. நம் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது கை வந்த வித்தை. ஜெர்மன் அந்த வரிசையில் இன்னொன்று, அவ்வளவுதான். எனவே தமிழை நிறுத்தாதீர்கள். புது ஊரில், புது வீட்டில், அம்மா நைட் ஷிப்ட் போன நேரத்தில், பிள்ளைக்குப் பழகியதாக மிஞ்சியிருப்பது அந்த ஒரு மொழிதான். உங்களுக்கே பாதி வசப்பட்ட இங்கிலீஷில் நீங்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு "சாப்பிடு, வா, போ" என்று சுருங்கிவிடும். கதை சொல்வது, சமாதானம் செய்வது, கோபித்துக்கொள்வது எல்லாம் போய்விடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். போன புதிதில் மகள் பள்ளியில் வாயே திறக்காமல் இருக்கலாம். வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில்கூட அப்படிப் போகும். கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைக்கிற காலம் அது. வீட்டில் தமிழில் வழக்கம்போல் வாயாடிக்கொண்டிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்தால், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அப்போது குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மொழிக்கு இது போதும். நீங்கள் கேட்காத ஒன்றுதான் என் மனதில் பெரிதாக நிற்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது ஷூ மாட்டிவிடுவது யார்? ஊட்டிவிடுவது யார்? கக்கூஸ் போனால் கழுவிவிடுவது யார்? எல்லாம் அப்பத்தா என்றால், பயிற்சியை இங்கே இன்றைக்கே தொடங்குங்கள். ஜெர்மன் மழலையர் காப்பகத்தை 'கீட்டா' என்பார்கள். அங்கே ஐந்து வயதுப் பிள்ளை தானே ஜாக்கெட் ஜிப்பை ஏற்றும், ஷூவைக் கழற்றி வீட்டுச் செருப்புக்கு மாறும், முள்கரண்டியில் சாப்பிடும், தண்ணீர் இல்லாமல் காகிதத்தால் துடைத்துக்கொண்டு வரும். கடைசியில் சொன்னதை யாரும் கூச்சத்தில் சொல்வதில்லை. என் மூத்தவன் அங்கே சேர்ந்த முதல் வாரம் முழுக்கக் கழிப்பறைக்கே போகாமல் அடக்கிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடுவான். காரணம் தெரிய எனக்கு ஐந்து நாளானது. பாஷை தெரியாமல் அவன் பட்ட கஷ்டத்தைவிட இது பெரிது.

இனி சின்னவன். சட்டப்படி ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு அங்கே காப்பகத்தில் இடம் பெற உரிமை உண்டு. 2013 ஆகஸ்டிலிருந்து அப்படி. ஆனால் போன மறுநாளே இடம் கையில் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். மனைவி அங்கேயே இருப்பதால் இப்போதே பெயரைப் பதியச் சொல்லுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சான்று இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், இரண்டு வயதைத் தாண்டினால் இரண்டு டோஸ் வேண்டும். நம்மூரில் ஒன்பதாவது மாதமும் ஒன்றரை வயதை ஒட்டியும் போடுகிற எம்ஆர் ஊசிதான் அது. இரண்டாவது டோஸ் அட்டையில் தேதியோடு ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிள்ளைகள் தோளில் இருக்கும், காசநோய்க்குப் போட்ட பிசிஜி ஊசித் தழும்பைப் பார்த்து அங்குள்ள இளம் மருத்துவர்கள் சிலர் இது என்ன என்று கேட்பார்கள். அந்த ஊசியை ஜெர்மனி 1998-லேயே பரிந்துரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பதறாமல் அட்டையைக் காட்டுங்கள்.

காப்பகத்தில் இடம் கிடைத்ததும் ஒரு விஷயம் உங்களுக்குப் புதிராக இருக்கும். பிள்ளையை விட்டுவிட்டு வரச் சொல்ல மாட்டார்கள், உங்களையும் உட்காரச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம்போல நீங்கள் அறையின் மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். விளையாட்டுக் காட்டக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது. பையன் எழுந்துபோய் ஒரு காரை எடுப்பான், திரும்பி உங்களைப் பார்ப்பான், இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் மறுபடி போவான். நாலாவது நாள் நீங்கள் விடை சொல்லிவிட்டு வெளியே போகிறீர்கள், சில நிமிஷம்தான். அழுதாலும் காப்பக ஆசிரியை தூக்கிச் சமாதானம் செய்ய முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடிந்தால் நேரம் கூடும், முடியாவிட்டால் இன்னும் சில நாள் பொறுப்பார்கள். பழக்கிவிடும் இந்த முறையை பெர்லின் முறை என்பார்கள். இரண்டு வாரமும் ஆகும், ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். எனவே இந்த நாட்களில் வேறு எந்த வேலையும் வகுப்பும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இங்கே அங்கன்வாடியில் நாம் என்ன செய்வோம்? "அதோ காக்கா பாரு" என்று ஜன்னலைக் காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுவோம். அங்கே அதைச் செய்தீர்களோ, மறுநாள் பையன் உங்கள் பேன்ட்டைப் பிடித்த பிடியை விடமாட்டான். "அப்பா போயிட்டு வர்றேன், நீ சாப்பிட்டதும் வந்துடுவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அழட்டும், பரவாயில்லை. தெரிந்து அழுவது வேறு, ஏமாந்து அழுவது வேறு.

பையில் வைக்க வேண்டியவை: ஒரு செட் மாற்றுத்துணி, ரப்பர் பூட்ஸ், சேற்றில் விளையாடப் போடும் ரப்பர் கால்சட்டை. மழை பெய்தாலும் பிள்ளைகளை வெளியே விடுவார்கள். சளி பிடிக்கும் என்று போய்ச் சண்டை போடாதீர்கள், நான் போட்டுத் தோற்றிருக்கிறேன். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். மாடு, பன்றி சாப்பிட மாட்டார்கள் என்றால் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். சில நாள் மதியச் சாப்பாடே பாலில் வேகவைத்த சோறு, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும். நம்ம பால் பாயசத்தின் தூரத்துச் சொந்தம். உங்கள் மகள் அன்றைக்கு ஜெர்மனியை மன்னித்துவிடுவாள்.

மகளுக்குக் கணக்கு வேறு. டோர்ட்மண்ட் இருக்கிற மாநிலத்தில் செப்டம்பர் 30-க்குள் ஆறு வயது முடிகிற பிள்ளைக்கு அந்த வருஷமே பள்ளி கட்டாயம். அதாவது நீங்கள் போய்ச் சேர்ந்த ஏழெட்டு மாதத்தில் அவள் ஒன்றாம் வகுப்பு. பள்ளியில் பெயர் சேர்ப்பதை அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுவார்கள். ஜனவரியில் போகும் நீங்கள் வீட்டு முகவரியைப் பதிந்த கையோடு பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் போய்க் கேளுங்கள். பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும் என்பதால், பிற்பகலுக்கும் பிள்ளையை வைத்துக்கொள்ளும் வசதிக்கு அப்போதே விண்ணப்பம் கொடுங்கள். 2026 ஆகஸ்டிலிருந்து ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு இதுவும் சட்ட உரிமை.

காகித வேலைகளில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், மற்றது மனைவிக்கே தெரிந்திருக்கும். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கும் முன்னால், வாசலில் உள்ள தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போடாமல் திருப்பிவிடுவார். பிள்ளைகளின் வரி எண், இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். நம் இனிஷியல் வழக்கத்தால் அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் வெவ்வேறாக இருக்கும். எல்லாப் பெயரையும் ஒட்டுங்கள், பிறப்புச் சான்றிதழ் நகலைப் பையிலேயே வைத்திருங்கள். குழந்தை உதவித்தொகைக்கும் தள்ளிப்போடாமல் விண்ணப்பியுங்கள். 2026-இல் பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. தாமதித்தால் பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள்.

நீங்கள் போய் இறங்கும் மாதம்தான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் அங்கே காலை எட்டரைக்குத்தான் சூரியன் உதிக்கும், சாயங்காலம் நாலரைக்கு இருட்டிவிடும். பாலக்காட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் "இன்னும் விடியலையா?" என்று கேட்பார்கள். என்ன குளிராக இருந்தாலும் மதியம் ஒரு மணி நேரம் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். விட்டமின் டி பற்றி முதல் தடவையே மருத்துவரிடம் கேளுங்கள். ஜூனில் இதற்கு நேர் எதிர், ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். கனமான திரைச்சீலை இல்லாமல் தூங்க வைக்க முடியாது.

அப்பத்தா போன் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே மூன்றரை மணி என்றால் இங்கே ராத்திரி எட்டு. பள்ளி விட்டு வந்து ஏதாவது தின்றுகொண்டிருக்கும் அந்த நேரம் தோது. படுக்கப் போகும்போது வேண்டாம். "எப்ப சாமி வருவே?" என்று அப்பத்தா கேட்டதும் இரண்டு பக்கமும் அழுகை ஆரம்பித்துவிடும். கேள்விக்குப் பதிலாகத் தொழுவத்தில் கன்றுக்குட்டியைக் காட்டச் சொல்லுங்கள். "அடுத்த மாசம் ஊருக்குப் போலாம்" என்று நீங்களும் பொய் சொல்லாதீர்கள். இந்த நாட்களில் மகன் மறுபடி படுக்கையை நனைக்கலாம், மகள் உங்களை ஒட்டிக்கொண்டே திரியலாம். சில வாரத்தில் சரியாகும், திட்ட வேண்டாம்.

சரி, உங்களுக்கு? பகலில் ஆண் ஒருவர் மட்டும் பிள்ளையோடு பூங்காவில் நிற்பதை அங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. வேடிக்கை பார்ப்பதாக நாம்தான் நினைத்துக்கொள்வோம். உங்கள் விசாவில் வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. பையன் காப்பகத்தில் நிலைத்ததும் ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். நம் மொழி பேசும் கூட்டமும் தூரமில்லை. டோர்ட்மண்டிலிருந்து ரயிலேறினால் ஹாம், அங்கே ஈழத்தமிழர்கள் கட்டி 2002-இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்மன் கோயில். அவர்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளும் கடைகளும் அந்த வட்டாரத்தில் உண்டு. நம் எல்லைத் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவர்கள் தமிழைக் கேட்டு உங்கள் பிள்ளைகளும் சிரிக்கும்.

கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், பாலை சனியே வாங்கிவிடுங்கள். ஞாயிறு மிக்ஸி போட்டு மாவரைத்தால் கீழ்வீட்டுக்காரர் மணியடிப்பார். எனக்கு அடித்தார். அரைத்த மாவைக் குளிரில் புளிக்க வைக்க, ஓவன் அடுப்பைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். காலையில் பொங்கியிருக்கும்.

கடைசியாகப் பெட்டி. உங்கள் அம்மா நெய் உருக்கி பாட்டிலில் ஊற்றுவார், பால்கோவா கட்டுவார். இரண்டையும் எடுக்காதீர்கள். பாலில் செய்ததும் இறைச்சியும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை, விமான நிலையத்தில் பிடுங்கிப் போடுவார்கள். கருவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் கொப்பரையாக இருந்தால் இங்கே விமானத்திலேயே ஏற்ற விடமாட்டார்கள். தோப்பிலிருந்து இரண்டு பச்சைத் தேங்காய் உரித்து வைத்துக்கொள்ளுங்கள், மிச்ச இடத்தில் பையன் கட்டிப்பிடித்துத் தூங்கும் அப்பத்தாவின் பழைய சேலை ஒன்றை, துவைக்காமல்.