மலிவு விலையில மிலிட்டரி மாடல் ரைஃபிள்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றனுங்க

வணக்கமுங்க. நமக்குக் காங்கயம் பக்கம் ஒரு கிராமமுங்க, டெக்சாஸ்ல 17 வருசம் வேலை பாத்துட்டு இப்ப ஊருக்கே வந்து தென்னையும் மஞ்சளும் பாத்துட்டு இருக்கறனுங்க. அங்க இருந்த வரைக்கும் சனி ஞாயிறானா ரேஞ்சுதான் (துப்பாக்கி சுட்டுப் பழகற எடம்), சீசன்ல மான், மத்த நாள்ல பன்னி. நம்மூருப் பசங்க அங்க நெறையப் பேரு இருக்கறதால மலிவா ஒரு செமி ஆட்டோ (விசைய ஒருக்கா இழுத்தா ஒரு தோட்டா, அடுத்தது தானா ஏறிக்கும்) சொல்லுங்கண்ணான்னு ஓயாம கேக்கறாங்க, இங்க இருக்கறவங்களும் கேக்கறாங்க, சரி எல்லாத்துக்கும் ஒட்டுக்காச் சொல்லிப்போடலாம்னு உக்காந்துட்டனுங்க.

கேள்வி (டாலஸ், சொந்த ஊர் பல்லடம்): அண்ணா, கிரீன் கார்டு வந்துருச்சு. 600 டாலர் வெச்சிருக்கறன். டார்கெட்டும் சுடோணும், வருசத்துக்கு ஒருக்கா மானுக்கும் போகோணும். எஸ்.கே.எஸ் வாங்கட்டுமா, ஏ.ஆர் 15 வாங்கட்டுமா?

பதில்: தம்பி, நான் போன புதுசுல பழைய ஆளுங்க எல்லாரும் எஸ்.கே.எஸ்தான் சொல்லுவாங்க. 1945ல சிமோனவ் டிசைன் பண்ணுன சோவியத் ரைஃபிள் அது, 7.62 பை 39 தோட்டா, பத்துத் தோட்டா புடிக்கற மேகசின் அடியிலயே மாட்டியிருக்கும், மரக்கட்டை, அடிச்சுப் போட்டாலும் ஓடும். தொண்ணூறுகள்ல சீனத்து எஸ்.கே.எஸ் நூறு டாலர் சுத்துவட்டாரத்துல கெடைச்சுதுன்னு அவங்க சொல்றது நெசந்தான். ஆனா 1994ல சீனத்துத் துப்பாக்கி இறக்குமதிய அமெரிக்கா நிறுத்திருச்சு, அப்புறம் வெலை ஏறிட்டே போயி இப்ப நல்லதா ஒண்ணு வேணும்னா 500 டாலருக்கு மேலதான் ஆகுது. அந்த வெலைக்குப் புது ஏ.ஆரே கெடைக்குதே தம்பி, அது அமெரிக்க மிலிட்டரி ரைஃபிள் மாதிரியே சனங்களுக்குன்னு செய்யற செமி ஆட்டோ.

இன்னொண்ணு தோட்டா. அந்த 7.62 பை 39 சல்லிசா இருந்ததுக்குக் காரணமே ரஷ்யாவுல இருந்து வந்த இரும்புக் கூட்டுத் தோட்டாதான், 2021ல அதுக்குப் புது அனுமதி குடுக்கறத நிறுத்துனதுல அந்தச் சௌகரியமும் போச்சு. துப்பாக்கி வெலைய மட்டும் பாக்காத. சனிக்கெழமைக்கு 100 சுட்டீன்னா மாசம் 400, வருசம் 4800. ஒரு தோட்டாவுக்கு பத்து சென்ட் வித்தியாசம்னாலும் 480 டாலர், கிட்டத்தட்ட இன்னொரு துப்பாக்கி வெலை. அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி உன்ற ஏரியாவுல எந்தத் தோட்டா சல்லிசுன்னு ரெண்டு மூணு எடத்துல விசாரிச்சுட்டுப் போ.

மானுக்குன்னு பாத்தா எஸ்.கே.எஸ் தோட்டாதான் ஒரு படி மேல. 123 கிரெயின் குண்டு (கிரெயின்கறது குண்டோட எடைக் கணக்கு), பழைய .30-30 வின்செஸ்டர் அளவுக்கு வலு இருக்கும், 150 கெஜத்துக்குள்ள சாஃப்ட் பாயிண்ட் குண்டு (பட்டதும் முனை விரியறது) வெச்சு நெஞ்சுல போட்டீன்னா மான் அதிக தூரம் ஓடாது. அதுக்கு மேல தூரம்னா சுடாம விட்டுரு, குண்டு அவ்வளவு கீழ எறங்கும். ஏ.ஆர்ல .223, டெக்சாஸ்ல அதுவும் மானுக்கு ஆகும், ரிம்ஃபயர் (.22 மாதிரிச் சின்னத் தோட்டா) மட்டுந்தான் ஆகாது, 60 கிரெயினுக்கு மேல வேட்டைக்குன்னே செஞ்ச குண்டா வாங்கோணும். வர்ஜீனியாவுல .223ஐ மானுக்கு விடறதில்ல, பென்சில்வேனியாவுல பெரிய மிருகத்துக்கு செமி ஆட்டோ ரைஃபிளே ஆகாது. அதனால ஸ்டேட் மாறிப் போனா அந்த ஊரு ரூல் புத்தகத்த மொதல்ல படி. ஃபுல் மெட்டல் ஜாக்கெட் குண்டு (உலோக உறை போட்ட, விரியாத குண்டு) வேட்டைக்கு வேண்டவே வேண்டாம், பல ஸ்டேட்ல தடை, தடை இல்லாத எடத்துலயும் அது ஓட்டை போட்டுட்டு அந்தப் பக்கம் போயிரும், மிருகம் அடிபட்ட வலியோட எங்கியாவது போயிப் படுத்துச் சாகும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு.

என்ற முடிவு என்னன்னா, நீ சுடப்போறதுல பத்துல ஒம்பது பங்கு காகிதத்துலதான். ஏ.ஆர் வாங்கு. அதுக்கும் முன்னாடி முடிஞ்சா ருகர் 10/22 மாதிரி ஒரு .22 வாங்கிச் சுடு, 1964ல இருந்து செய்யறாங்க, பத்து ரவுண்டு மேகசின், தோட்டா ரொம்பச் சல்லிசு, ஒதை கெடையாது. மூச்சும் விரலும் பழகறதுக்கு அதைவிட நல்ல வாத்தியார் நான் பாக்கல. பெரிய துப்பாக்கில ஆரம்பிச்சவங்க சத்தத்துக்குப் பயந்து கண்ண மூடிட்டே விசைய இழுக்கப் பழகிக்கறாங்க, அது லேசுல போகாது.

கேள்வி (ஹூஸ்டன், சொந்த ஊர் பெருந்துறை): நான் ஹெச்1பி விசாவுல இருக்கறனுங்கண்ணா. ஃபிரண்டு சிட்டிசன், அவன் பேருல வாங்கித் தர்றன்கறான். பரவால்லையா?

பதில்: வேண்டவே வேண்டாம் கண்ணு. நீ காசு குடுத்து அவன் அவன் பேருல உனக்காக வாங்குனா அது ஃபெடரல் குத்தம், கடைல எழுதிக் குடுக்கற 4473 ஃபாரத்துலயே நீதான் உண்மையா வாங்கறவனான்னு கேட்டிருக்கும், அதுல பொய் எழுதுனா ரெண்டு பேருக்கும் வம்பு. உனக்கு விசாவே போயிரும்.

நேர்வழி இருக்குது, அதைச் சொல்றன் நல்லாக் கேட்டுக்க. நம்ம மாதிரி வேலை விசாவுல இருக்கறவங்க பொதுவா துப்பாக்கி வெச்சிருக்கக் கூடாது, தொடவும் கூடாது, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் அது வெச்சிருக்கறதாத்தான் கணக்கு. ஆனா அந்தச் சட்டத்துலயே ஒரு விலக்கு இருக்குது, ஏதாவது ஒரு ஸ்டேட் குடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் இருந்தா வெச்சுக்கலாம். டெக்சாஸ்ல 1971 செப்டம்பர் 2 அன்னைக்கும் அதுக்கப்புறமும் பொறந்தவங்க ஹண்டர் எஜுகேசன் கோர்ஸ் முடிக்கோணும், அதை முடிச்சுட்டு லைசென்ஸ் எடு, அப்புறமா கடைக்குப் போ.

இதுல நம்மாளுங்க நெறையப் பேரு மாட்டிக்கற எடம் ஒண்ணு இருக்குது. டெக்சாஸ்ல வேட்டை லைசென்ஸ் வருசம் ஆகஸ்ட் 31ஓட முடிஞ்சுரும். செப்டம்பர் 1 காலைல புதுசு எடுக்காம இருந்தீன்னா அன்னைக்கு உன்ற அலமாரில இருக்கற துப்பாக்கி சட்டவிரோதம். 2019ல இருந்து அங்க தனியார் நெலத்துல காட்டுப்பன்னி அடிக்கறதுக்கு ஸ்டேட் லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆக்கிட்டாங்க, அதைக் கேட்டுட்டு "அதான் வேண்டாம்ட்டாங்களே"ன்னு புதுப்பிக்காம விட்டவங்கள நான் பாத்திருக்கறன். பன்னிக்கு வேண்டாம், விசாவுக்கு வேணும். ஒரு இமிக்ரேசன் வக்கீலையும் ஒரு வார்த்தை கேட்டுக்க, அந்தக் காசு வீண் போகாது.

கேள்வி (திருப்பூர்): தம்பி, என்ற பையன் ஆஸ்டின்ல துப்பாக்கி வாங்கப்போறானாம். ஊட்டுல அஞ்சு வயசுலயும் ரெண்டு வயசுலயும் பேரப்பசங்க இருக்கறாங்க. எனக்குத் தூக்கமே வர்றதில்லீங்க.

பதில்: அக்கா, நீங்க பயப்படறது நாயமான பயமுங்க, அதைப் பையங்கிட்ட அப்படியே சொல்லுங்க. துப்பாக்கிக்கு முன்னாடி இரும்புப் பொட்டி வாங்கச் சொல்லுங்க, செவுத்தோட போல்ட் போட்டு முடுக்குனதா. துப்பாக்கி காலியா ஒரு பொட்டில, தோட்டா வேற பொட்டில, சாவி அவன் இடுப்புல. பொழுதோட ரேஞ்சுல இருந்து வந்து காருல வெச்சுட்டுச் சித்தெ நேரம் கழிச்சு எடுத்துக்கலாம்கற பேச்சே ஆகாது. டெக்சாஸ்ல 17 வயசுக்குக் கீழ இருக்கற கொழந்தை கைக்கு எட்டற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கிய வெச்சு, அது கொழந்தை கைக்குப் போயிருச்சுன்னா குத்தமுங்க. என்ற வீட்டுல பொட்டி வர்ற வரைக்கும் நான் ரைஃபிள் வாங்கலீங்க, மூணு மாசம் ஆச்சு, அந்த மூணு மாசத்துல ஒண்ணும் கெட்டுப் போகல.

கேள்வி (கோபி): அண்ணா, மக்காச்சோளத்தப் பன்னி வந்து ஒரே ராத்திரில ஒழவு ஓட்டுன மாதிரி பண்ணிப்போட்டுப் போகுது. அந்த செமி ஆட்டோவ இங்க லைசென்ஸ் போட்டு வாங்க முடியுமா?

பதில்: முடியாதுங்க மாமா. நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டமும் 2016ல வந்த விதிகளும் செமி ஆட்டோ ரைஃபிளத் தடை செஞ்ச வகைல வெச்சிருக்குது, கலெக்டராபீஸ்ல எழுதிக் குடுத்து வாங்கற சமாச்சாரம் இல்ல. 7.62 மிலிட்டரி தோட்டா போடற துப்பாக்கியும் அதே மாதிரி. நம்ம சனங்களுக்கு லைசென்ஸ்ல கெடைக்கறது 12 போர் அளவு ஒத்தக்குழல், ரெட்டைக்குழல், அப்புறம் அரசாங்க ஆர்ட்னன்ஸ் ஃபாக்டரி செய்யற .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள், அது ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்ட (குழலுக்குப் பின்னாடி தோட்டாவ ஏத்தி மூடற இரும்பு) கையால இழுத்துத் தள்ளோணும். 2019 திருத்தத்துக்கப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிக்கு மேல ஆகாது. ஆராவது கள்ளத்தனமா வாங்கித் தர்றன்னு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்புங்க, தடை செஞ்ச ஆயுதம் வெச்சிருந்தா கொறைஞ்சது ஏழு வருசம்.

லைசென்ஸ் துப்பாக்கி இருந்தாலும் பன்னிய நாமளா சுட முடியாது, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்குது. டெக்சாஸ்ல பன்னிய எத்தனை வேணாலும் அடிக்கலாம், ஏன்னா அங்க அது வெளிய இருந்து கொண்டு வந்து உட்டது, இங்க அது நம்ம காட்டோட சொந்தப் பிராணி. 2025 ஜனவரில தமிழ்நாடு அரசு ஒரு ஏற்பாடு சொல்லுச்சு. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள வந்தா சுடக் கூடாது, ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் புடிச்சுக் காட்டுல விடறது, மூணுக்கு மேல வந்தா பயிற்சி எடுத்த வனத்துறை ஆளுங்க சுடலாம். அதனால உங்க தோட்டம் காட்டுல இருந்து எத்தனை தூரம்னு சர்வே நம்பரோட எழுதி, சேதத்தப் போட்டோ எடுத்து, ரேஞ்சராபீஸ்ல மனு குடுங்க, இழப்பீட்டுக்கும் அதுலயே கேளுங்க.

ஒண்ணு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறனுங்க. அவுட்டுக்காய் (தீனிக்குள்ள வெக்கற நாட்டு வெடி) மட்டும் வெக்காதீங்க, கம்பில நேர் கரண்டும் விடாதீங்க. பன்னிக்கு வெச்சத யானை கடிச்சு வாய் கிழிஞ்சு, தண்ணி கூடக் குடிக்க முடியாம நாள்கணக்குல நின்னு சாகுது. நம்ம ஆடு மாடும் கடிக்குது, ராத்திரி மடை திருப்பப் போற மனுசனும் கரண்டுல உழுந்து சாகறான்.

கேள்வி (ஈரோடு, காலேஜ் படிக்கறவங்க): எனக்கு மிலிட்டரி துப்பாக்கியெல்லாம் வேண்டாமுங்கண்ணா, டார்கெட் மட்டும் சுடோணும். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

பதில்: அம்மணி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துட்டிருந்தன். .177 ஏர் ரைஃபிள், 20 ஜூலுக்குள்ள வலு இருக்கறதுக்கு நம்ம நாட்டுல லைசென்ஸ் வேண்டியதில்ல. இந்தியாவுலயே பிரெசிஹோல் மாதிரி கம்பெனிங்க நல்லா செய்யறாங்க. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற ரைஃபிள் கிளப்புக்குப் போயி அவங்க துப்பாக்கில மூணு மாசம் சுடுங்க. பத்து மீட்டர் டார்கெட்டுல நடுவுல இருக்கற பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம், பேனா முனையில வெச்ச பொட்டு மாதிரி இருக்கும். அதுலதான் 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்குனாரு, கடலூர்ல பொறந்த நம்ம இளவேனில் வாலறிவன் 2019ல ரியோ உலகக் கோப்பைல தங்கம் வாங்குச்சு. வேடிக்கைக்குன்னு காக்கா குருவிய மட்டும் சுட்டுராதீங்க அம்மணி.

கேள்வி (மெல்போர்ன், சொந்த ஊர் நாமக்கல்): இங்க எஸ்.கே.எஸ் வாங்க முடியுமா?

பதில்: முடியாது தம்பி. 1996ல போர்ட் ஆர்தர்ல ஒருத்தன் பல பேரைச் சுட்டுக் கொன்னதுக்கப்புறம் அங்க செமி ஆட்டோ ரைஃபிள் சாதாரண ஆளுக்குக் கெடையாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால போல்ட்ட இழுக்கற போல்ட் ஆக்சன் பாரு, லைசென்ஸ் எடுத்துட்டு.

கேள்வி (சான் அன்டோனியோ, சொந்த ஊர் தாராபுரம்): அண்ணா நான் ஏற்கெனவே யூகோஸ்லாவிய எஸ்.கே.எஸ் வாங்கிட்டன், முழுக்க மஞ்ச கிரீஸு. தொடச்சுட்டுச் சுடலாமா? ஸ்கோப்பு மாட்டலாமா?

பதில்: மேல தொடச்சா பத்தாது தம்பி, இது உசுரு போற விசயம். அந்த கிரீஸுக்குப் பேரு காஸ்மோலின். எஸ்.கே.எஸ் போல்ட்டுக்குள்ள ஃபயரிங் பின் (தோட்டாவ அடிச்சு வெடிக்க வெக்கற ஊசி) பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லாம சும்மா ஆடிட்டு இருக்கும், அந்த ஓட்டைல கிரீஸ் ஒறைஞ்சு பின் முன்னாடியே ஒட்டிக்கிச்சுன்னா போல்ட் மூடும்போதே விசைய இழுக்காம தோட்டா வெடிக்கும், ஒண்ணு இல்ல, மேகசின் காலியாகற வரைக்கும் வெடிச்சாலும் வெடிக்கும். எனக்கே ஆச்சு. மொதல் நாள் அவசரப்பட்டு மேலாகத் தொடச்சுட்டு ரேஞ்சுக்குப் போயிட்டன், போல்ட்ட விட்டதும் ரெண்டு வெடி, குழல் மண்மேட்டப் பாத்து இருந்ததால ஆருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அன்னைக்கு முழுக்க கை நடுங்குச்சு. அதுல இருந்து குழல் எந்தப் பக்கம் பாக்குதுங்கறத நான் மறந்ததே இல்ல.

போல்ட்ட முழுசாப் பிரி, தெரியலைன்னா கன்ஸ்மித்துகிட்ட (துப்பாக்கி மெக்கானிக்) குடு. மினரல் ஸ்பிரிட்ல (பெயிண்ட் கரைக்கறது) ஊற வெச்சுக் கழுவு, பின்னு ஆட்டுனா கடகடன்னு சத்தம் வரோணும், அதுதான் அடையாளம். ரேஞ்சுல மொதல்ல ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடு, அப்புறம் ரெண்டு, அப்புறமாத்தான் பத்து.

யூகோ குழலுக்கு உள்ள குரோம் பூச்சு கெடையாது, ரஷ்யத்துக்கும் சீனத்துக்கும் பெரும்பாலும் இருக்கும். பழைய மிலிட்டரி தோட்டாவுல இருக்கற பிரைமர் (தோட்டா அடியில பத்த வெக்கற மருந்து) சுட்டதும் உப்பு விட்டுட்டுப் போகும், உப்பு ஈரத்த இழுத்து ஒரே ராத்திரில துரு புடிக்கும். வெறும் எண்ணெய் போட்டா உப்பு போகாது. சுட்ட அன்னைக்கே சுடுதண்ணி ஊத்திக் குழலையும் கேஸ் டியூப்பையும் (குழலுக்கு மேல புகை போற குழாய்) கழுவி, நல்லாக் காயவெச்சு, அப்புறமா எண்ணெய் போடு.

ஸ்கோப்பு வேண்டாம். மேல் மூடில மாட்டற மவுன்ட்டு ஒவ்வொரு சூட்டுக்கும் அசையும், குறி நிக்காது. அந்தத் துப்பாக்கி 100 கெஜத்துல மூணு நாலு அங்குலத்துக்குள்ள போட்டாலே நல்லாப் போடுதுன்னு அர்த்தம், அதுக்குத் துப்பாக்கி மேலயே இருக்கற இரும்புக் குறியே போதும். காதுக்கு மட்டும் நல்லதா வாங்கு, உள்ள பஞ்சு மாதிரி வெக்கறதும் மேல மாட்டறதும் ரெண்டும் போட்டுக்க.

கேள்வி (அவரேதான்): கழுவுனன் அண்ணா, ரெண்டு நாளாச்சு. பின்னு இன்னும் லேசா ஒட்டற மாதிரிதான் இருக்குது.

பதில்: அப்ப இன்னும் உள்ள இருக்குது. தோட்டாவப் பொட்டியிலயே வெச்சுப் பூட்டிட்டு, மறுபடியும் ராத்திரி முழுக்க ஊறப் போடு. கடகடன்னு கேட்டதும் சொல்லு.