விலை கூடிய ஸ்பீக்கர் கேபிள் போட்டால் ஒலியின் தரம் உண்மையில் கூடுமா?

வீட்டிலுள்ள சாதாரணச் செப்பு வயரை மாற்றி வெள்ளிக் கேபிள் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் கேபிளை மாற்றியதும் ஒலி தெளிந்தது என்பவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. அந்த வித்தியாசத்தை என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன்.

கல்லடியில் கடற்கரைக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. வலப்பக்க ஸ்பீக்கர் மங்கி, இடையிடையே கரகரத்துக்கொண்டிருந்த நாட்களில் மச்சான் கொழும்பிலிருந்து விலை கூடிய கேபிள் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டித் தந்தார். நாதஸ்வரமும் தவிலும் தனித்தனியாகக் கேட்டன. பழைய வயரைச் சுருட்டும்போதுதான் அதன் முனையைக் கவனித்தேன்: செப்பு இழைகளில் பச்சைக் களிம்பு ஏறி, நகத்தால் சுரண்டியதும் தூளாக உதிர்ந்தது. எல்லாம் உப்புக் காற்றின் வேலை. முனையில் இரண்டு அங்குலத்தை வெட்டி, புதிதாக உறையை உரித்து, இழைகளை முறுக்கித் திருகை இறுக்கி அதே பழைய வயரை மீண்டும் பூட்டியபோது அதே தெளிவு திரும்பி வந்தது.

மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே மகள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்துக்கு ஏற்ப இரண்டில் ஒன்றைப் பூட்ட, ஒலியளவைத் தொடாமல் 12 தடவை கேட்டோம். அவர் 5 தடவையும் நான் 6 தடவையும் சரியாகச் சொன்னோம். கேட்காமலே ஊகித்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும்.

இதற்கான காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 5 மீற்றர் தூரம் போய்த் திரும்பினால் அதன் மின்தடை ஏறத்தாழ 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் ஏற்படும் இழப்பு 0.13 டெசிபல் அளவு; அதைக் காதால் பிரித்தறிய முடியாது. வெள்ளியின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 6 சதவீதம்தான் குறைவு என்பதால், சற்றுத் தடித்த செப்பு வயரே அந்த வேலையைச் செய்துவிடும். மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் மட்டும் கதை வேறு: 0.5 சதுர மில்லிமீற்றர் வயரை 10 மீற்றர் தூரத்துக்கு இழுத்தால் தடை 0.7 ஓமை நெருங்கும். ஸ்பீக்கரின் தடை சுருதிக்குச் சுருதி மாறுவதால், அப்போது ஒலியின் சமநிலையும் லேசாகக் குலையும். ஆகவே பார்க்க வேண்டியது தடிப்பையும் நீளத்தையும்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் நேர், மறை முனைகள் மாறியிருந்தால் இரண்டு ஸ்பீக்கர்களின் தாழ்ந்த ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். புதுக் கேபிளைக் கவனமாகப் பூட்டும்போது அந்தப் பிழை தானாகத் திருந்த, பாராட்டு கேபிளுக்குப் போய்விடுகிறது.

கேபிளுக்கு ஒதுக்கிய காசை அறைக்குச் செலவிடுங்கள். ரைல்ஸ் தரையும் சீமெந்துச் சுவரும் கண்ணாடி யன்னலும் உள்ள நம் வீட்டு ஹோலில் கைதட்டினால் ‘கிண்’ என்று எதிரொலிக்கும். எந்தக் கேபிளும் அதை மாற்றாது. மருதமுனைக் கைத்தறித் துணியில் தடிப்பானதாகப் பார்த்து, மடிப்பு மடிப்பாக விழும்படி திரைச்சீலை தைத்துப் போட்டோம். உயர்ந்த ஒலிகளின் கூச்சல் அன்றே அடங்கியது. தாழ்ந்த ஒலிக்குத் துணி உதவாது. அதற்கு ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னுக்கு இழுத்து வைத்தேன். அதற்குக் காசே செலவாகவில்லை.