கல்லறை உள்ள நிலம் கைமாறும்போது

கேள்வி: எங்கள் தாத்தாவும் பாட்டியும் குடும்ப நிலத்தின் ஒரு மூலையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தம்மையும் அங்கேயே அடக்கம் செய்ய வேண்டும் என்பது என் தந்தையின் விருப்பம். நிலம் தந்தை, சித்தப்பா இருவர் பெயரிலும் கூட்டாக உள்ளது. சித்தப்பாவோ விற்றுவிட நினைக்கிறார். “நம் நிலத்தில் அடக்கம் செய்ய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?” என்கிறார் தந்தை. அவர் சொல்வது சரியா? நிலம் கைமாறினால் கல்லறைகள் என்னவாகும்?

பதில்: நிலம் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை, விடையில் பாதி அதைப் பொறுத்தே அமையும். கலிபோர்னியாவில் முறையான கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே உடலை அடக்கம் செய்வதே குற்றம். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கான 1999ஆம் ஆண்டு விதிகளோ, உரிமம் பெறாத இடமாயின், குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் அடக்கம் செய்யக் கூடாது என்கின்றன. இங்கிலாந்தில் சொந்த நிலத்தில் ஓரிருவரை அடக்கம் செய்யத் தனி உரிமம் தேவையில்லை என்றாலும், பிறப்பு இறப்புப் பதிவாளர் தரும் சான்று கையில் இருக்க வேண்டும். அடக்கம் நடந்த 96 மணி நேரத்துக்குள் அவருக்குத் தகவல் தர வேண்டும். 1864ஆம் ஆண்டுச் சட்டப்படி அடக்கப் பதிவேடும் பேண வேண்டும். ஆகவே, நில உரிமை இருந்தாலே போதும் என்னும் உங்கள் தந்தையின் வாதம், தாராளமான சட்டம் உள்ள இடத்திலும் முழுமையாகச் செல்லுபடியாகாது.

இவ்விதிகளில் பலவற்றுக்கு அடிப்படை நிலத்தடி நீர். குடிநீருக்குப் பயன்படும் கிணறு, ஊற்று, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றிலிருந்து 250 மீட்டரும், பிற நீரோட்டங்களிலிருந்து 30 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்றும், குழியின் அடியில் நீர் நிற்கக் கூடாது என்றும் இங்கிலாந்தில் வழிகாட்டுகிறார்கள். தாத்தா காலத்தில் அந்த மூலையில் அடக்கம் நடந்தது என்பதாலேயே இன்றும் அது தகுதியான இடம் என்று கொள்ள முடியாது. இடைப்பட்ட ஆண்டுகளில் பக்கத்து நிலத்தில் யாரேனும் கிணறு வெட்டியிருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் அனுமதியைவிடக் கடினமானது விற்பனைதான். நிலம் கூட்டுச் சொத்தாக இருக்கும்வரை, சித்தப்பாவின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றிப் புதிய அடக்கம் எதையும் செய்யாதீர்கள். நிலத்தின் பேரில் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தில், தனியார் நிலத்திலுள்ள கல்லறைக்கு உறவினர்களும் வழித்தோன்றல்களும் வந்து செல்ல நில உரிமையாளர் இடம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அத்தகைய சட்டம் எல்லா இடத்திலும் கிடையாது. இல்லாத இடத்தில், பத்திரத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறதோ அதையே நம்பியிருக்க வேண்டும். எனவே பாகப்பிரிவினை செய்யும்போதே கல்லறை மூலையை அளந்து, வரைபடத்துடன் உங்கள் தந்தையின் பங்கில் சேர்த்துவிடுவது நல்லது. அதற்கு வழியில்லையெனில், அங்கே சென்றுவரும் வழிநடைப் பாத்தியதையும், கல்லறைகளைப் பராமரிக்கும் உரிமையும், யார் யார் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள் என்ற விவரமும் கிரயப் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். வாங்குபவர் நல்லவர் என்ற வாய்மொழி உறுதி, அவர் மற்றொருவருக்கு விற்கும் நாளில் பயன்படாது.

விற்றபின் உடல்களை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள். இங்கிலாந்தில் 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டத்தின்படி, உரிமமின்றி உடலைத் தோண்டியெடுப்பது குற்றம். உங்கள் பகுதி விதியை உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெற்று, பத்திரத்தின் வரைவை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே சித்தப்பாவை முன்பணம் வாங்கச் சொல்லுங்கள்.