பைலிங் சத்தமும் பக்கத்து வீடுகளும்: கேள்வி பதில்

அஸ்திவார வேலையில், அதிலும் பைலிங்கில்தான், அதாவது கட்டடத்தைத் தாங்கும் நீளமான தூண்களை (பைல்) மண்ணுக்குள் இறக்கும் வேலையில்தான், என் காலம் பெரும்பாலும் போயிருக்கிறது. வீடுகளுக்கு நடுவே பைல் இறக்கும்போது வரும் சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்டவர்களில் வீட்டுக்காரர்களும் உண்டு, சைட்டில் நிற்பவர்களும் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி சுத்தியலால் பைல் அடிக்கிறார்கள். இவ்வளவு சத்தம் வருவது இயல்புதானா?

சுத்தியலால் அடித்தால் இயல்புதான். 15 மீட்டரில் நின்று அளந்தால் ஒவ்வோர் அடியும் 100 டெசிபெல்லை (சத்தத்தை அளக்கும் அலகு) ஒட்டி வரும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். அப்படியானால் உங்கள் வாசலில் 95 அளவுக்கு விழுகிறது. அடி விழும் இடம் மட்டும் சத்தம் போடுவதில்லை. இரும்பு பைல் என்றால் அதன் முழு நீளமும் மணி மாதிரி அதிரும். ஆனால் சுத்தியலால்தான் அடித்தாக வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதை அடுத்தவர் கேட்டிருக்கிறார்.

அடிக்காமல் பைல் போட வழி இருக்கிறதா? நாங்கள் இன்னும் டிசைன் கட்டத்தில்தான் இருக்கிறோம்.

இந்தக் கட்டத்திலேயே கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். சத்தத்தைக் குறைக்கும் மற்ற எல்லா ஏற்பாட்டையும்விட முறையை மாற்றுவதுதான் அதிகம் தரும்.

முதலில் போர் பைல். துளை போட்டு, கம்பிக் கூட்டை இறக்கி, கான்கிரீட் ஊற்றுவது. துளை போடும் இயந்திரமான ரிக்கின் சத்தம் அதே 15 மீட்டரில் 85 டெசிபெல் அளவுதான். 10 டெசிபெல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் கேட்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் சுத்தியலில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆகரில், அதாவது மண்ணைத் துளைக்கும் திருகில், ஒட்டிய மண்ணை உதற ஆபரேட்டர் அதை முன்னும் பின்னும் வெட்டி வெட்டிச் சுழற்றுவார். அந்த 'டங் டங்' தெரு முழுக்கக் கேட்கும். ஒட்டும் களிமண்ணில் இன்னும் மோசம். மண்ணை மெதுவாகத் தள்ளிவிடும் அமைப்பு உள்ள ரிக்கைக் கேளுங்கள். தொடர் ஆகர் முறையில் ஆகரை வெளியே எடுத்துக்கொண்டே கான்கிரீட் செலுத்துவதால் இந்த உதறல் பெருமளவு குறையும்.

ஷீட் பைல், அதாவது ஒன்றோடொன்று கோத்துச் சுவர் மாதிரி இறக்கும் இரும்புத் தகடுகள் என்றால், அமுக்கி இறக்கும் இயந்திரம் இருக்கிறது. ஏற்கெனவே இறங்கிய பைல்களைக் கவ்விக்கொண்டு, அவற்றின் பிடிப்பையே பலமாக வைத்து அடுத்ததை ஹைட்ராலிக் விசையால் அமுக்கும். 1975-ல் ஜப்பானின் கோச்சியில் கிக்கென் நிறுவனம் இதை உருவாக்கியது. அடியும் இல்லை, அதிர்வும் மிகக் குறைவு. கெட்டியான அடுக்கு வந்தால் தண்ணீர் பீய்ச்சியோ ஆகர் விட்டோ உதவ வேண்டியிருக்கும்.

அதிரவைத்து இறக்கும் வைப்ரோவை அமைதியான முறை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதுவும் 95 டெசிபெல் வரை போகும். எதை எடுத்தாலும் மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிசைன் முடிந்துவிட்டது சார், ப்ரீகாஸ்ட் பைல் (முன்பே வார்த்து வைத்த கான்கிரீட் பைல்), சுத்தியல்தான். சைட் என்ஜினியராக நான் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். எடை கூடிய சுத்தியலைக் குறைந்த உயரத்திலிருந்து விடுங்கள். ஆற்றல் அதேதான், மோதும் வேகம் குறையும். பைலில் வரும் இழுவிசையும் குறைவதால் கான்கிரீட் வெடிப்பதும் தவிர்க்கப்படும். பைல் தலையில் வைக்கும் பிளைவுட் மெத்தை நசுங்கிக் கருகிப்போனால் உடனே மாற்றுங்கள். பல சைட்டில் அது தட்டையாகிப்போன பிறகும் அடித்துக்கொண்டே இருப்பார்கள். சத்தமும் ஏறும், பைலும் கெடும். டீசல் சுத்தியலுக்குப் பதில் ஹைட்ராலிக் கிடைத்தால் விடாதீர்கள். சுத்தியலைச் சுற்றி, உள்ளே சத்தத்தை உறிஞ்சும் பொருள் ஒட்டிய உறை போடலாம். முதல் சில மீட்டருக்கு முன்கூட்டியே துளை போட்டால் அடிகளின் எண்ணிக்கையே குறையும்.

சுற்றி மூன்று மீட்டர் தகரம் அடித்திருக்கிறார்கள். சத்தம் குறையவே இல்லையே?

குறையாது. பைல் நிமிர்ந்து நிற்கும்போது சுத்தியல் பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் ஜன்னலிலிருந்து சுத்தியல் கண்ணுக்குத் தெரிந்தால் தடுப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பார்வையை மறைத்தாலே 5 டெசிபெல் கிடைக்கும், நன்றாகக் கட்டினால் 10-ஐத் தாண்டும். அதற்குச் சதுர மீட்டருக்கு 10 கிலோவாவது எடை வேண்டும், அடியில் சந்து இருக்கக் கூடாது. ஜெனரேட்டர், பம்ப் மாதிரி தரையில் நிற்பவற்றுக்கு இதே தடுப்பு நன்றாகவே உதவும்.

மரம் வைத்தால்?

ஒரு வரிசை மரம் சத்தத்தைத் தடுக்காது. நிழலுக்கு வையுங்கள்.

சராசரி அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். எங்களால் தாங்க முடியவில்லை.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். நாள் முழுதுக்கும் சராசரி எடுத்தால் நடுவில் சும்மா இருந்த நேரமும் அதில் கலந்துவிடும். திடீர் திடீரென்று விழும் அடி, அதே அளவு சீரான சத்தத்தைவிட அதிகம் எரிச்சல் தரும். ஐஎஸ்ஓ 1996 என்ற பன்னாட்டுத் தரநிலை பைல் அடிப்பதை மிகக் கூர்மையான மோதல் சத்தம் என்ற வகையில் வைத்து, அளந்ததோடு 12 டெசிபெல் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் கூட்டல் செய்தார்களா என்று கேளுங்கள். அதிகபட்ச அளவையும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அளந்தார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வீடு குலுங்குகிறது. சுவர் விரிசல் விட்டுவிடுமோ?

பயம் புரிகிறது. ஆனால் மனிதர்களுக்கு அதிர்வு மிகச் சீக்கிரம் தெரிந்துவிடும். விநாடிக்கு 0.3 மி.மீ. வேகத்திலேயே வீட்டுக்குள் உணர்வோம். ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரநிலை, குறைந்த அதிர்வெண்ணில் வீடுகளின் அஸ்திவாரத்துக்கு வரம்பாக விநாடிக்கு 5 மி.மீ., பழமையான, நொய்ந்த கட்டடங்களுக்கு 3 மி.மீ. என்று வைத்திருக்கிறது. அதனால் குலுங்கினாலே சேதம் என்றில்லை, அளந்தால்தான் தெரியும். கருவியை உங்கள் அஸ்திவாரத்தில் வைக்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன்பே எல்லாச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வைத்துவிடுங்கள், ஏற்கெனவே உள்ள விரிசல்களையும் சேர்த்து. வைப்ரோ என்றால் அது கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் குலுக்கல் அதிகம். அந்த நேரத்தில் அதிர்வைப் பூஜ்யத்தில் வைத்துக்கொள்ளும் வகை இயந்திரங்கள் இருக்கின்றன.

கைக்குழந்தை இருக்கிறது. உடனடியாக என்ன செய்வது?

சைட்டுக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள். ஜன்னல் திறந்திருந்தால் சுவர் இருந்தும் பயன் குறைவு. மூடி, சந்துகளை ரப்பர் பட்டையால் அடையுங்கள். குழந்தையின் காதில் பஞ்சோ அடைப்பானோ வைக்காதீர்கள். அதை எடுத்து வாயில் போட்டுவிடும். வெளியே கொண்டுபோகும்போது குழந்தைகளுக்கான காது மூடி போதும். அப்புறம், சைட் பொறுப்பாளரிடம் நேரில் போய்க் குழந்தை தூங்கும் நேரத்தைச் சொல்லுங்கள். ஒரு வேலையில் மதியம் இரண்டு மணி நேரம் சுத்தியலை நிறுத்தி, அந்த நேரத்தில் பைல்களை வரிசைப்படுத்துவது, மெத்தை மாற்றுவது, இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது எல்லாம் செய்தோம். எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் அது. கெடு தேதி ஒரு நாளும் தள்ளிப்போகவில்லை.