மாலை போட்டா நிக்குது, கழட்டுனா திரும்ப வருது

போன இதழ்ல பீடி, சிகரெட், போயிலை விடுறது பத்தி கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறைய கடிதம் வந்திருக்கு, அதுல முக்காவாசி 'விட்டேன், திரும்ப தொடங்கிட்டேன்'ங்கிற கதைதான். அதனால அப்படிப்பட்ட ஒரு கடிதத்துக்கு நீளமாவும் மத்ததுக்கு சுருக்கமாவும் பதில் சொல்றேன்.

கேள்வி: எனக்கு வயசு 52, ரப்பர் பால்வெட்டு வேலை. சின்ன வயசுலயே பீடி தொடங்கிட்டேன். வருசந்தோறும் கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடுவேன், அன்னைக்கு பீடிய விட்டா மலைக்கு போயிட்டு வாற வரைக்கும் தொட மாட்டேன், ரெண்டு நாள் ஒரு மாதிரி இருக்கும், பிறகு ஒண்ணும் தெரியாது. ஆனா மாலைய கழட்டுன அன்னைக்கு சாயங்காலமே பெட்டிக்கடையில போய் நிப்பேன். 'சாமிக்கு பயப்படுற, உனக்க நெஞ்சுக்கு பயப்பட மாட்டியா அப்பா'ன்னு எனக்க மக கேக்கா. பதில் சொல்ல முடியல. கூட வெட்டுறவங்க பீடி சிகரெட் அளவுக்கு கெடுதல் இல்லன்னு சொல்லுறாங்க, அது நெசமா? - பெயர் வேண்டாம், குலசேகரம்.

பதில்: அண்ணே, நீங்க எழுதுனதுல எனக்கு பெருசா பட்டது 'ரெண்டு நாள் ஒரு மாதிரி இருக்கும், பிறகு ஒண்ணும் தெரியாது'ங்கிற அந்த வரிதான். பீடி விடும்போது உடம்பு படுத்துற பாடு, எரிச்சல், தூக்கம் வராம புரளுறது, தலைவலி, சும்மா சும்மா பசி, இதெல்லாம் முதல் ரெண்டு மூணு நாள்ல உச்சத்துல இருக்கும், பிறகு இறங்கி ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும். நீங்க வருசா வருசம் 41 நாள் இருக்கீங்க. அப்போ 42-வது நாள் உங்கள கடைக்கு இழுத்துட்டு போறது உடம்போட நிக்கோடின் பசி (போயிலையில இருக்கிற, பழக்கத்துக்கு அடிமையாக்குற பொருள் தான் நிக்கோடின்) இல்ல, அது எப்பவோ அடங்கியாச்சு.

அப்போ எது இழுக்குது? விரத காலத்துலயும் நீங்க வெட்டுக்கு போறீங்க தானே, பால் நல்லா வர்ற மாசமே அதுதான். விடியறதுக்கு முன்னால தலையில லைட்ட கட்டிக்கிட்டு தோட்டத்துக்குள்ள இறங்குறது, வெட்டி முடிச்சு செரட்டையில பால் ஊறுற வரைக்கும் குத்த வச்சு காத்திருக்கிறது, கட்டன் சாயா குடிக்கிறது, எல்லாம் அப்படியே தான் இருக்கு. பீடி மட்டும் இல்ல. அதனால 'பீடி இல்லாம வேலை ஓடாது'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும். வித்தியாசம் ரெண்டே விஷயத்துல. ஒண்ணு, சாமின்னு தெரிஞ்சா யாரும் பீடிய நீட்ட மாட்டாங்க, கடைக்காரர் கூட தானா எடுத்து தர மாட்டார். இன்னொண்ணு, உங்க மனசுக்குள்ள வாதமே நடக்காது. வேணுமா வேண்டாமான்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியதில்ல, பதில் முதல் நாளே சொல்லியாச்சு. மாலைய கழட்டுன உடனே அந்த பதில் காலாவதி ஆகுது, ஏன்னா தொடங்கும்போதே அதுக்கு ஒரு கடைசி தேதி குறிச்சு வச்சிருக்கீங்க. இது உங்களுக்கு மட்டும் இல்ல, முட்டம், குளச்சல் பக்கம் தவக்காலம் முழுக்க தொடாம இருந்துட்டு ஈஸ்டர் அன்னைக்கு பத்த வைக்கிறவங்களும் உண்டு, நோன்பு மாசத்துல பகல் முழுக்க சமாளிச்சுட்டு பெருநாள் முடிஞ்சதும் பழையபடி ஆகுறவங்களும் உண்டு. இவங்க யாருக்கும் மன உறுதி இல்லன்னு நான் ஒத்துக்கவே மாட்டேன், உறுதி நிறையவே இருக்கு, அது தேதியோட முடிஞ்சு போகுது அவ்வளவுதான்.

அதனால இந்த தடவை மாலை போடுற அன்னைக்கு இல்ல, கழட்டுற அன்னைக்கு தான் உங்க வேலையே தொடங்குது. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வீட்டுலயும் தோட்டத்துலயும் சொல்லிருங்க, 'மாலை கழட்டுனாலும் பீடி இல்ல, எனக்கு நீட்டாதீங்க'ன்னு. அன்னைக்கு சாயங்காலம் அந்த கடை இருக்கிற பக்கமே போகாதீங்க, மகள கூட்டிட்டு வேற எங்கயாவது போங்க. 'விட்டு தான் இத்தன நாள் ஆச்சே, ஒண்ணு வலிச்சா என்ன'ன்னு ஒரு நினைப்பு வரும், கண்டிப்பா வரும். அந்த ஒண்ணு தான் ஆபத்து, அடங்கிக் கிடந்தத திரும்ப எழுப்பி விடறதுக்கு ஒரு பீடி போதும். ஆசை வந்தா அது அஞ்சு பத்து நிமிசம் தான் முறுக்கும், நீங்க வலிச்சாலும் வலிக்காட்டியும் அது இறங்கிடும். அந்த நேரத்துக்கு தண்ணி குடிங்க, எழும்பி நடங்க, ரெண்டு கிராம்ப வாயில போடுங்க, கை சும்மா இருக்க கூடாது.

சாயா விஷயம் ஒண்ணு பலருக்கு தெரியாது. புகையில இருக்கிற சில பொருள், சாயாவுல இருக்கிற காஃபின உடம்புல இருந்து சீக்கிரம் வெளிய தள்ள வைக்கும். பீடிய விட்டதும் அந்த வேகம் குறைஞ்சிரும், அதே அளவு சாயா குடிச்சாலும் ரத்தத்துல காஃபின் கூடுதலா நிக்கும், படபடப்பும் தூக்கம் வராததும் அதனாலயும் வரும். இத பீடி இல்லாததால வர்ற கஷ்டம்னு நினைச்சு திரும்ப பத்த வைக்கிறவங்க இருக்காங்க. சாயாவ பாதியா குறைங்க.

பீடி கெடுதல் கம்மின்னு சொல்றது தப்பு அண்ணே. பீடி இலை லேசுல எரியாது, அணையாம இருக்க நல்லா இழுத்து இழுத்து வலிக்கணும், அதனால நிக்கோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்கு குறையாம தான் உள்ள போகுது. 52 வயசாச்சு, இனி விட்டு என்ன பிரயோஜனம்னும் யாராவது சொல்லுவாங்க. இங்கிலாந்துல டாக்டர்களையே 50 வருசம் தொடர்ந்து கவனிச்சு 2004-ல முடிவு வெளியிட்டாங்க, 50 வயசு வாக்குல விட்டவங்களுக்கு விடாதவங்கள விட ஏறத்தாழ 6 வருசம் ஆயுசு கூடுதலா கிடைச்சிருக்கு. குறைச்சுக்கிட்டா போதும்னும் நினைக்காதீங்க, தினம் ஒரே ஒரு சிகரெட் குடிக்கிறவருக்கு கூட, 20 குடிக்கிறவருக்கு வர்ற கூடுதல் இதய நோய் ஆபத்துல கிட்டத்தட்ட பாதி வந்துருது.

ஆசை தாங்கலன்னா மெடிக்கல் ஷாப்புல நிக்கோடின் கம் கிடைக்கும். அத சாதா சூயிங் கம் மாதிரி மென்னு எச்சில விழுங்குனா விக்கலும் வயித்தெரிச்சலும் தான் மிச்சம். மெதுவா நாலஞ்சு கடி கடிச்சு, வாயில சுருசுருன்னு வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும், அந்த சுருசுருப்பு போனதும் திரும்ப கடிக்கணும், அரை மணி நேரம் இப்படி. கம் போடுறதுக்கு கால் மணி நேரம் முன்னால இருந்து சாயா, காப்பி, சோடா எதுவும் கூடாது, குடிச்சா நிக்கோடின் சரியா ஏறாது. 'கம்மு எனக்கு கேக்கல'ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் சாயாவோட சேத்து போட்டவங்க தான். நெஞ்சு வலி, ஹார்ட் பிரச்சனை இருந்தா டாக்டர்ட்ட கேக்காம போடாதீங்க.

கேள்வி: எனக்க வீட்டுக்காரர் பீடியும் வலிப்பாரு, சாயங்காலமானா குடியும் உண்டு. வீட்டுக்குள்ள இருந்து தான் வலிப்பாரு, பேரப்பிள்ளைக்கு அடிக்கடி மூச்சு இழுப்பு வருது. அவருக்கு தெரியாம சாயாவுல கலந்து குடுத்தா எல்லா பழக்கமும் மறந்து போகும்னு ஒரு பொடி விக்கிறாங்க. வாங்கி குடுக்கலாமா அக்கா? - கருங்கல்.

பதில்: வேண்டாம் தங்கச்சி. கெஞ்சி கேக்கேன், வேண்டாம். அந்த மாதிரி பொடியில என்ன இருக்குன்னு விக்கிறவருக்கே தெரியாது. டைசல்ஃபிரம்னு ஒரு மாத்திரை உண்டு, குடிய விடுறவங்களுக்கு அவங்க சம்மதத்தோட டாக்டர் கண்காணிப்புல குடுக்கிறது, அது உள்ள இருக்கும்போது சாராயம் குடிச்சா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அது கலந்திருந்து அவரு தெரியாம குடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. பீடிய மறக்க வைக்க அப்படி ஒரு பொடி கிடையவே கிடையாது.

இன்னைக்கே நடக்கிற மாதிரி ஒண்ணு இருக்கு, வீட்டுக்குள்ள புகை கூடாது. ஜன்னல திறந்து வச்சாலும் ஃபேன போட்டாலும் புகை போகாது, பிள்ளைக்கு இழுப்பு வர்றதுக்கு அது ஒரு காரணமா இருக்கும். 'விடு விடு'ன்னு சண்டை போட்டா வீம்புக்கு இன்னும் ரெண்டு கூட வலிப்பாங்க, அதே ஆளுகிட்ட 'பிள்ளைக்காக வெளிய முற்றத்துக்கு போய் வலிங்க'ன்னு கேட்டா பலபேர் கேப்பாங்க. பேரப்பிள்ளைய இழுப்புக்கு காட்ட போகும்போது அவரையும் கூட கூட்டிட்டு போங்க, டாக்டர் வாயால கேக்கட்டும். குடிக்கு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநல பிரிவுல காட்டுங்க. தினம் குடிக்கிறவரு திடீர்னு நிப்பாட்டுனா வலிப்பு கூட வரலாம், அதனால அத வீட்டுல வச்சு செய்யாதீங்க. ரெண்டு பழக்கமும் ஒண்ணுக்கொண்ணு கை கோத்து நிக்கிறது, ரெண்டையும் சேத்து பேசுங்க.

கேள்வி: நான் தூத்தூர், ஆழ்கடல் தங்கலுக்கு போற போட்ல வேலை, வயசு 27. ஒரு தடவை போனா மூணு நாலு வாரம். போட்ல எல்லாரும் சிகரெட், ராத்திரி முழிச்சிருக்கிற ஆளுக்கு அதுதான் துணை. கடல்ல இருந்து எப்படி விடுறது?

பதில்: மக்களே, கடல்ல வச்சு விட வேண்டாம், கரையில வச்சு விடு. மோசமான அந்த மூணு நாள் வீட்டுல கழியட்டும், அங்க போன் கிடைக்கும், மருந்துக்கடை இருக்கு. 1800-11-2356ன்னு சிகரெட் பாக்கெட்டுலயே அச்சடிச்சிருக்கும், அரசாங்க நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க, விடுற தேதிய அவங்களோட சேந்து குறிச்சுக்கலாம். ஐஸும் டீசலும் ஏத்தும்போது தான் உனக்க சோதனையே, சிகரெட் பண்டல் அப்போ தான் ஏறும். உனக்க பங்க வாங்காத, அதுக்கு பதிலா அத்தன நாளைக்கும் வேண்டிய நிக்கோடின் கம்ம கணக்கு பாத்து வாங்கி வச்சுக்கோ. போட்ல ஒரே ஒருத்தர கூட்டு சேத்துக்கோ, ராத்திரி டூட்டிய அவரோட சேந்து கேட்டு வாங்கு. வரெனிக்ளின்னு நல்லா வேலை செய்யுற மாத்திரை உண்டு, டாக்டர் சீட்டு வேணும், ஆனா அதுக்கு குமட்டல் சாதாரணமா வரும், அலையில போய் நின்னு முதல் தடவை போட்டு பாக்காத, விடுற தேதிக்கு ஒரு வாரம் முன்னாலயே கரையில தொடங்கு. கடல்ல எப்பவாவது கை தவறி ஒண்ணு பத்த வச்சுட்டா, மிச்சத்த அப்பவே அணைச்சு போட்டுட்டு மறு நிமிசமே திரும்ப தொடங்கு. கரைக்கு வந்து பாத்துக்கலாம்னு தள்ளி போட்டா அதுக்குள்ள பழையபடி ஆயிரும்.

கேள்வி: சிகரெட் விட்டு ஒரு மாசம் ஆச்சு, இப்போ தான் இருமல் கூடுது. கருப்பட்டியும் சுக்கும் போட்டு குடிச்சா நுரையீரல் கழுவி விட்ட மாதிரி ஆகும்னு எங்க பாட்டா சொல்றாரு, சரியா? - தக்கலை.

பதில்: சுக்கு காப்பி தொண்டைக்கு இதமா இருக்கும், தாராளமா குடிங்க, ஆனா நுரையீரல கழுவுறதுக்கு எந்த பானமும் கிடையாது, கடையில விக்கிற மருந்தும் கிடையாது. மூச்சுக்குழாய்க்குள்ள பொடிப் பொடியா மயிர் மாதிரி இருக்கும், சளிய மேல தள்ளுறது அதோட வேலை. புகை அத முடக்கி வச்சிருந்துச்சு, இப்போ அது திரும்ப வேலை செய்ய தொடங்குது, அதனால தான் சில பேருக்கு முதல்ல இருமல் கூடும், சில வாரத்துல குறைஞ்சிரும். ஆனா இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சுன்னா அத சிகரெட் கணக்குல மட்டும் எழுதிராதீங்க, உங்களுக்கு எத்தன நாளாச்சுன்னு எழுதல. சளியில ரத்தம், ராத்திரி வேர்வை, எடை குறையுறது இதுல ஏதாவது இருந்தா ஒரு நாள் கூட தாமதிக்க வேண்டாம். புகை பிடிச்சவங்களுக்கு டிபி வர வாய்ப்பு கூடுதல், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் இலவசமா எடுப்பாங்க, இந்த வாரமே போய் குடுத்துருங்க.