அரைவேலையில் நிற்கும் பாய்வள்ளத்தை எப்படி விற்பது?

கேள்வி: வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பிய வரைபடத்தின்படி, ஓடாவி (வள்ளம் கட்டும் தச்சர்) ஒருவரைக் கொண்டு 18 அடிப் பாய்வள்ளம் கட்டுவித்தேன். மரைன் பிளைவுட் உடல், வெளிப்புறம் முழுக்க ஃபைபர் போட்டாயிற்று. பாய்மரம், சுக்கான், உள்வேலை, பெயின்ற் எல்லாம் மிச்சம். கையில் காசில்லை. முடித்து விற்பதா, இப்படியே கொடுப்பதா?
— வாசகர், பூநகரி

பதில்: இப்படியே கொடுங்கள். ஆனால் தண்ணீர் புகாதபடி உடலை மூடிவிட்டுக் கொடுங்கள். பெயின்ற் அடிக்கவே வேண்டாம். பெயின்ற் மூடிய அரைவேலை வள்ளத்தைக் கண்டால், அடியில் என்ன மறைக்கிறார்கள் என்றுதான் தொழில் தெரிந்தவர் யோசிப்பார்.

உங்கள் வள்ளத்துக்குப் பெரிய எதிரி மாரி மழை. உப்புத் தண்ணீரைவிட, தேங்கிய மழைத்தண்ணீரில்தான் மரம் வேகமாக உக்கும். அது பலகையின் முகத்தால் புகுவதைவிட, வெட்டிய விளிம்பாலும் ஆணித் துளைகளாலும்தான் கூடுதலாகப் புகும். எனவே ஐப்பசிக்கு முன் உட்புற விளிம்புகள், வங்குகளின் (உடலுக்கு உள்ளே குறுக்கே நிற்கும் விலாச்சட்டங்கள்) அடி, துளைகள் எல்லாவற்றுக்கும் நன்றாகக் காய்ந்த மரத்தில் எப்பொக்சி ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) மூன்று பூச்சுப் பூசுங்கள். வெளியே போட்டது பொலியெஸ்ரர் ரெசினா எப்பொக்சியா என்று ஓடாவியிடம் கேட்டு எழுதி வையுங்கள். இறுகிய பொலியெஸ்ரரின் மேல் எப்பொக்சி பிடிக்கும். எப்பொக்சியின் மேல் பொலியெஸ்ரர் சரியாகப் பிடிக்காது, பிறகு ஏடு ஏடாகக் கழரும். எதன் மேல் எதைப் போட்டாலும் 80ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகுமட்டும் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டே போட வேண்டும்.

அடுத்தது, நடுப்பலகை (வள்ளம் பக்கவாட்டில் அள்ளுப்படாமல் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) இறங்கும் கூடு. இப்படியான வள்ளங்களில் அதிகம் ஒழுகும் இடம் அந்தக் கூடும் ஏராவும் (வள்ளத்தின் அடிமரம்) சேரும் மூட்டுத்தான். வாங்க வருபவர் முன்னிலையில் வள்ளத்தைக் களப்பில் மிதக்க விட்டு, மண்மூட்டைகளைப் பரவலாக வைத்து, ஒரு பகல் முழுக்க விடுங்கள். அந்த மூட்டு காய்ந்தே இருந்தால் அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

விலையைச் செலவழித்த காசை வைத்துச் சொல்லாதீர்கள். முடிந்த வள்ளம் 100 பெறும், மிச்ச வேலைக்கு ஓடாவி 30 கேட்கிறார் என்று வையுங்கள். வாங்குபவர் 30ஐ அல்ல, 40 அல்லது 45ஐக் கழிப்பார். அது நியாயமும்கூட: மிச்ச வேலை சொன்ன கணக்கில் முடிவது அரிது. 55 முதல் 60க்குள் கேளுங்கள். மிச்ச வேலைப் பட்டியல், பிளைவுட், ரெசின் பற்றுச்சீட்டுகள், கட்டும்போது எடுத்த படங்கள், வரைபடம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்துக் கொடுத்தால் பேரம் குறையும். நீளம், அகலம், ஆழம், கட்டிய ஆண்டு ஆகியவற்றை எழுதி ஓடாவியிடம் கையெழுத்தும் வாங்குங்கள். மீன்பிடிக்கப் பாவிப்பதானால் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி பதிவு வேண்டும். அப்போது அந்தக் கடிதம் புதிய உரிமையாளருக்கு உதவும்.

விற்குமட்டும் கிடுகுக் கொட்டிலில், ஏரா முழுநீளத்துக்கும் கட்டை கொடுத்து, வங்குகளுக்கு நேரே முட்டுக் கொடுங்கள். வங்கில்லாத இடத்தில் முட்டினால் பலகை உள்வாங்கும். தண்ணீர் வடியும் துளையின் அடைப்பைக் கழற்றி, அந்தத் துளை இருக்கும் பக்கம் சற்றுச் சரிவாகவும் வையுங்கள்.

கேள்வி: அரைவேலை வள்ளம் வாங்கப் போகிறேன். முற்பணம் கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், முல்லைத்தீவு

பதில்: நாணயத்தால் உடல் முழுக்கத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்று கேட்டால் ஃபைபர் மரத்தை விட்டிருக்கிறது. அணியத்திலிருந்து (முன்பக்கம்) கடையார் (பின்பக்கம்) வரை நடுவே நூல் கட்டி, இரு பக்கமும் ஒரே இடத்தில் அகலம் அளந்து பாருங்கள். முறுகிய உடலை யாராலும் திருத்த முடியாது. முற்பணக் கடிதத்தில் மிச்ச வேலைப் பட்டியலையும், ஏற்றி இறக்கும்போது சேதமானால் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். ரக்ரர் பெட்டி வள்ளத்தைவிட நீளத்தில் கட்டை. பின்னால் நீட்டும் பகுதிக்குத் தாங்கல் இல்லாமல் ஏற்றினால், பரந்தன் வரும் முன்னே மூட்டு விட்டுவிடும்.