வானம் தோண்டினாலே வீடு கணக்கில் வந்துவிடும்

கேள்வி: அமெரிக்காவில் வீடு கட்டுவது கூடியிருக்கிறது என்கிறது ஒரு செய்தி, அதே மாதத்தில் குறைந்திருக்கிறது என்கிறது இன்னொன்று. இரண்டுமே அரசுக் கணக்கு என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரியாகவே இருக்கலாம். அங்கே சென்சஸ் பீரோவும் வீட்டுவசதித் துறையும் சேர்ந்து மாதாமாதம் வெளியிடும் அறிக்கையில் அனுமதி வாங்கியவை, வேலை தொடங்கியவை, கட்டி முடித்தவை என்று தனித்தனி எண்கள் இருக்கும். தலைப்பு போடுகிறவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார், எதை எடுத்தார் என்பதைத்தான் சொல்ல மறந்துவிடுகிறார்.

இதில் வேடிக்கை "தொடங்கியவை"தான். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்தால் வீடு தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மனையைச் சுத்தம் செய்ததோ செங்கல் வந்து இறங்கியதோ சேராது. அடுக்குமாடியில் 200 வீடுகள் வரப்போகிறது என்றால், அந்தக் கட்டடத்துக்குத் தோண்ட ஆரம்பித்த மாதத்திலேயே 200-ம் ஏறிவிடும், அதனால் பெரிய கட்டடங்கள் சில ஒரே மாதத்தில் வந்து விழுந்தால் எண் எகிறும், அடுத்த மாதம் சரியும், உடனே "சரிவு" என்று செய்தி வரும். முடிப்பதிலும் இப்படித்தான். தனி வீடு என்றால் தரை வேலை முழுக்க முடிந்திருக்க வேண்டும், அதற்கு முன்பே ஆள் குடிவந்துவிட்டால் அன்றைக்கே முடிந்ததாக வைத்துக்கொள்வார்கள். அடுக்குமாடியில் பாதி வீடுகள் குடியேறத் தயாராகிவிட்டால் போதும், மீதிப் பாதியும் சேர்ந்து முடிந்துவிட்டது!

கேள்வி: ஒரு மாதத்து அறிக்கையில் 14 லட்சம் வீடுகள் தொடங்கின என்று செய்தி வந்தால், ஒரே மாதத்தில் 14 லட்சம் வீடுகளா?

பதில்: இல்லை. அது ஆண்டு விகிதம். குளிர்காலத்தில் வேலை குறையும், வெயில் காலத்தில் கூடும் என்பதைச் சரிக்கட்டிவிட்டு, இதே வேகத்தில் 12 மாதம் போனால் எத்தனை வரும் என்று சொல்கிறார்கள். அப்புறம் இது மாதிரிக் கணக்கெடுப்பு, ஒவ்வொரு வீடாகப் போய் எண்ணியதல்ல. ஏற்ற இறக்கம் பிழை வரம்புக்குள் இருந்தால், உண்மையில் மாற்றம் இருந்ததா என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என அறிக்கையிலேயே நட்சத்திரக்குறி போட்டு எழுதியிருப்பார்கள். செய்தியில் அந்த நட்சத்திரம் மட்டும் வராது.

கேள்வி: பழைய ஆபீஸ் கட்டடத்தை வீடுகளாக மாற்றினால்?

பதில்: சேராது. மாணவர் விடுதி போன்றவையும் சேராது. தொழிற்சாலையிலேயே செய்து லாரியில் கொண்டுவந்து வைக்கும் மொபைல் வீடுகளுக்குக் கணக்கே தனி. ஆனால் பழைய அஸ்திவாரத்தின் மேல் முழுசாகத் திரும்பக் கட்டினால், 1992 செப்டம்பர் முதல், அது புதுசுதான்.

கேள்வி: விற்ற புது வீடுகளின் எண் ஏன் எப்போதும் தொடங்கியவற்றோடு ஒத்துப்போவதில்லை?

பதில்: சொந்த மனையில் கட்டிக்கொள்கிறவர் யாருக்கும் விற்பதில்லையே, அவர் வீடு தொடங்கியவற்றில் இருக்கும், விற்றவற்றில் இருக்காது. வாடகைக்கென்றே கட்டுவதும் அப்படித்தான். இன்னொரு பக்கம், ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தாலோ முன்பணம் வாங்கினாலோ விற்றதாகிவிடும், அங்கே இன்னும் ஒரு குழிகூடத் தோண்டாமல் இருக்கலாம். பிறகு வாங்குகிறவர் பின்வாங்கினாலும் அந்த எண்ணை யாரும் திரும்பக் கழிப்பதில்லை.